நல்ல கொழுப்பு

எனக்கும் அக்காள் வீட்டுக்காரருக்கும் ராஜபாளையத்தில் ஒரே லேபில் ரத்தம் எடுத்தார்கள். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் புத்தகத்தைத் தவிர எதையும் தூக்கியறியாதவன். ரிப்போர்ட்டில் எனக்கு நல்ல கொழுப்பு குறைவு. அவருக்கு அளவைத் தாண்டிக் கூடுதல்.

“உங்களுக்குக் கொழுப்பு கூடன்னு கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும்” என்றாள் அக்காள்.

“ஏட்டி, இது நல்ல கொழுப்பு. உந்தம்பிக்கு அதுவும் இல்ல, பாவம்.”

நல்ல கொழுப்பு கெட்ட கொழுப்பைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடும் என்று எங்கோ வாசித்ததை நான் விளக்கினேன். ஆனால் கெட்ட கொழுப்பும் அவருக்குக் கூடுதல் என்று ரிப்போர்ட்டின் அடுத்த வரியே சொன்னதை, அவ்வளவு வாசிக்கிற நானும் வாசிக்கவில்லை.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வீட்டுக்கு அரைக்கிலோ பால்கோவா வாங்கியவர், நின்ற வாக்கில் தனக்கும் நூறு கிராம் வாங்கித் தின்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் ஒரு கல்யாண பேனர் முன்னால் நின்றுவிட்டார்.

“யாரு கல்யாணம், அத்தான்?”

“தெரியல மாப்ள. செத்த நேரம் நில்லு.” சட்டை நனைந்திருந்தது. கை நெஞ்சில் இருந்தது. “வாய்வுதான். நமக்குத்தான் நல்லது அம்புட்டு கெடக்கே.”

ஆட்டோவை நிறுத்தினேன். ஏற மறுத்தார்.

“நான் சொன்னது தப்பு, அத்தான். ஏறுங்க.”

நான் தப்பை ஒத்துக்கொண்டு அவர் கேட்டதே இல்லை. பயந்துபோய் ஏறிவிட்டார்.

“நல்லது ரொம்பக் கூட இருந்தாலும் அதை நம்பி உக்கார முடியாது. கெட்டதைப் பாத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம். ரத்தக்குழாயில் ஓர் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள்.

வீடு திரும்பியபின் அக்காள் மாறிப்போனாள். “சாப்பிடுறீங்களா? மாத்திரை போட்டீங்களா?” இரண்டு மாதமாக அப்படியொரு மரியாதை. கொழுப்பு என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

“மாப்ள,” என்றார் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. “உங்கக்கா என்னைய விருந்தாளி மாதிரி நடத்துதா. டாக்டர் வேற ஏதும் சொன்னாராலே? மறைக்காத.”

இல்லை என்றேன். என் பேச்சை அவர் இனி எப்படி நம்புவார்?

போன ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் காட்டாத குழம்பைக் கிண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது கொழம்பா, கம்மாத் தண்ணியா?”

அக்காள் கரண்டியை டொக்கென்று வைத்தாள். “ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தும் கொழுப்பு அடங்குதா பாரு!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். அத்தான் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் தெளிந்திருந்தது. தட்டை நீட்டி, “இன்னும் ஒரு கரண்டி ஊத்துட்டி” என்றார்.