பட்டு இழையைச் சுட்ட குளிர்ந்த கல்

கண்ணாடி உருண்டைய படிகம்னு சொல்லி, கோயில் வாசக் கடையில பக்கத்து வூட்டுப் பொண்ணு தலையில கட்டிட்டான், நீ இன்னாடின்னா சிரிக்கிற! பாவம், அழுதுக்கினே என்னாண்ட வந்து காட்டினா. கன்னத்துல வச்சேன், கொஞ்ச நேரத்துலயே சூடாயிட்டுது. நெஜப் படிகம் அவ்ளோ சீக்கிரம் சூடாவாது. இதோ, எங்க மாமியாரோட கல்லு, வச்சுப் பாரு. ஜில்லுனு இருக்குதா? அடியில ஒத்தப் பட்டு இழைய வச்சுத் திருப்பித் திருப்பிப் பாரு, ரெண்டா தெரியும். கண்ணாடியில தெரியாது. எலுமிச்சம்பழம் அளவு உருண்டைதான், அதுக்குள்ள எவ்ளோ வேலை பாரேன்!

உன் புள்ளைக்குக் கண்ணு செவந்திருக்குதுன்னுதானே கேட்டு வந்த? எடுத்துக்கினு போ. ஆனா டாக்டராண்டயும் காட்டிடு. எங்க மாமியார் இருந்தப்போ தெருவுல யாருக்குக் கண்ணு எரிஞ்சாலும் இதத்தான் தண்ணியில நனைச்சு இமை மேல வைப்பாங்க. ஜொரம்னா நெத்தியில. இது எந்தச் சூட்டையும் இழுத்துக்கும்னு அவங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அதனாலதான் தறியில ஏத்தப் போற நீள நூல, அதான் பாவு, தெருவுல நீட்டும்போது மூங்கில்ல இதையும் கட்டி, இழையத் தொட்டும் தொடாம தொங்க வுடுவாங்க. திருஷ்டி படாதாம், நூலும் சூடேறி அறாதாம்.

என் ரெண்டாவது புள்ள அப்ப கைக்கொழந்த. அரிசிக்கு அலைஞ்ச காலம். சோறு வடிச்ச கஞ்சிய மிச்சம் புடிச்சுப் பாவுக்குப் போடுவோம். அந்தத் தடவை கல்யாணப் பொடவைக்கு அரக்கு நெறத்துல பாவு. கூரத்துலருந்து ஒருத்தர் வருவாரு, தெரு முழுக்க அவருதான் பாவு நீட்டிக் கஞ்சி தடவுவாரு. பீடி இல்லாம பாக்க முடியாது. ஆனா பாவாண்ட வந்தா அணைச்சுக் காதுல சொருகிக்குவாரு.

அன்னிக்கு வெயில் ஏறினதும் மயிரு பொசுங்குற நாத்தம். பட்டு கருகினா அப்படித்தான் நாறும். ஓடிப் பாத்தா, அரக்கு இழை ஒரு கொத்து கருகி அறுந்து தொங்குது.

"உன் பீடிதாண்டா!"ன்னாங்க மாமியார்.

"பீடி காதுலதாம்மா இருக்குது, பாருங்க. பத்தவே வைக்கல!"

"காதுல இருக்கறது ரெண்டாவது பீடி. மொதப் பீடி எங்க?"

தெருவே சிரிச்சுது. அவரு சிரிக்கல. கஞ்சி தடவுற புருசைக் கீழ வச்சுட்டுப் பூட்டாரு. அப்புறம் ஒருத்தரும் அவரக் கூப்புடல. நெருப்புக் கைன்னு பேரே வச்சுட்டாங்க. வேற வேல தெரியாத மனுசன், வூட்டுல பொஞ்சாதி வேற மாசமா இருந்தா. எனக்குச் சோறு எறங்கல. ஆனா மாமியாராண்ட யாரு வாயத் தொறக்கறது?

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, மாமியார் எண்ணெ தேச்சு முழுவிட்டு, புழக்கடை வெயில்ல குந்திக்கினு தலைய ஆத்துனாங்க. சீயக்கா பட்டுக் கண்ணு எரியுதுன்னு கல்ல வச்சு எடுத்து, மடியில போட்டுக்கினு தூங்கி வழிஞ்சாங்க. திடீர்னு, "ஐயோ, கட்டெறும்பு!"ன்னு துள்ளுனாங்க பாரு! எறும்பாவது ஒண்ணாவது. மடியில மெல்லிசாப் புகை. ஊதாப் பொடவையில ஓட்டை.

எனக்குன்னா சிரிப்பு அடங்கல, முந்தானையால வாயப் பொத்திக்கினேன். அவங்க கல்ல மறுபடியும் வெயில்ல காட்டினாங்க. அடியில ஊசிமொனை மாதிரி ஒரு வெளிச்சம். வெரல வச்சாங்க, வெடுக்குனு இழுத்துக்கினாங்க.

"குளிர்ந்த கல்லுதானேடி இது..."ன்னு சொல்லிட்டு அப்படியே குந்திட்டாங்க. மொகம் சுண்டிப் போச்சு. அப்ப எனக்கும் சிரிப்பு நின்னு போச்சு.

ஈரத் தலைய அள்ளி முடிஞ்சு, அந்த ஓட்டைப் பொடவையோடவே கூரத்து பஸ்ஸுல ஏறினாங்க. நானும் இடுப்புல புள்ளையோட பின்னாடியே ஓடினேன். அவரு வூட்டு வாசல்ல, நாலு பேரு பாக்க, பொடவைய விரிச்சுக் காட்டினாங்க.

"உன் பீடி இல்லப்பா. என் கல்லு. நாளைக்கு வா, தெருவுல நானே சொல்றேன்."

அவரு ஓட்டைய எட்டிப் பாத்தாரு. "அப்ப இனிமே உங்க கல்லுதாம்மா பீடிய வுடணும்!"ன்னாரு. வவுத்தப் புடிச்சிக்கினு அவரு பொஞ்சாதி சிரிச்சா பாரு! மாமியாரும் அப்பதான் சிரிச்சாங்க.

மறுநாளு அவரு வந்தாரு. மாமியார் வூடு வூடாப் போயி ஓட்டையக் காட்டினாங்க. அந்தப் பொடவைய அவங்க கடைசி வரைக்கும் தெச்சுக்கவே இல்ல.

அதனால சொல்றேன், வெயில்ல மட்டும் வைக்காத. வெறுந்தண்ணியில கழுவு. கொதிக்கிற தண்ணியில போட்டா விரிசல் வுடும். மெத்துத் துணியால தொடச்சு, சுத்தி, அரிசிப் பானையில வச்சுடு. ஏய், ஏய், சன்னலாண்ட இன்னாத்துக்கு அத வெயில்ல புடிச்சுக்கினு நிக்கிற? முந்தானையில மூடு! இரு, கொழாயில தண்ணி வந்துட்டுது, கொடத்த வைக்கணும்...