அப்பாவின் நாற்காலிக்கு வராத இடி

எங்கள் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே, டிவியைப் பார்த்தபடி ஒரு ஒற்றை சோபா கிடக்கிறது. சோபா என்று நான் சொல்கிறேன். வீட்டில் அதன் பெயர் 'அப்பா சேர்'. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒருவரும் உட்கார்ந்ததும் இல்லை. அப்பா தண்ணீருக்குப் போர் போடுகிற ரிக் வண்டியோடு கர்நாடகா பக்கம் போய் வாரக்கணக்கில் வராமல் இருந்தாலும் அது காலியாகவே காற்று வாங்கும். தெரியாத விருந்தாளி யாராவது அதை நோக்கி நடந்தால் அம்மா குறுக்கே போய், "இப்படி வந்து உக்காருங்க, இங்கதான் காத்து வரும்" என்று காற்றே வராத மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இந்த நாற்காலியைப் பற்றி முதலிலேயே யோசித்திருந்தால் எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் கலவரம் நடந்திருக்காது. ஆனால் அப்போது என் தலைக்குள் சப்வூஃபர் மட்டும்தான் இருந்தது.

சப்வூஃபர் என்றால் தடித்த சத்தத்துக்கென்றே தனியாக ஒரு பெட்டி. வசனம் அதில் வராது. இடி வரும், பாலம் வெடிப்பது வரும், லாரி உருள்வது வரும். மற்ற ஸ்பீக்கர்களை எல்லாம் என் சம்பளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி. கையில் இருந்த தொகைக்குப் பதினைந்து அங்குலத்தில் பெரியதாக ஒன்று வாங்கலாம், அல்லது பத்து அங்குலத்தில் சிறியதாக இரண்டு. நான் பெரிய பெட்டியின் கட்சி. சிறியது என்னதான் கத்தினாலும் பெரியது இறங்குகிற ஆழத்துக்கு இறங்காது என்று இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் கடைசியில், "சிஸ்டர், இது உங்க அண்ணனோட செட்டுங்களா?" என்று கேட்பார்கள்.

என் அண்ணனுக்கு சப்வூஃபருக்கும் சட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் போனில் போர் ஆர்டர் பிடிப்பவன். அவனுக்கு அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு லட்சியம்: அப்பாவை ரிக் வண்டியிலிருந்து இறக்கி வீட்டில் உட்கார வைப்பது. சம்பளத்துக்கு டிரில்லர் கிடைக்கும்போது முதலாளியே வண்டி பக்கத்தில் நின்று புழுதி தின்ன வேண்டுமா என்பது அவன் கேள்வி. அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"சாமி, பாறை மாறுறதச் சத்தத்துலதான் புடிக்கோணும். என்ற காது இருக்கற வரைக்கும் நான் வண்டியோட போவேன். காது போன அன்னிக்கு நானே வந்து இந்தச் சேர்ல உக்காந்துக்கறேன். நீ சொல்லவே வேண்டாம்."

அம்மா இரண்டு சிறிய பெட்டிகளின் கட்சி. ஒலியியல் காரணம் எதுவும் இல்லை. "டிவிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, குத்துவெளக்காட்டம் ஜோடியா இருந்தா எவ்வளவு அம்சமா இருக்கும்! ஒத்தையா ஒண்ண வாங்கி மூலைல வெச்சா அரிசி டிரம்மு மாதிரி இருக்கும் புள்ள."

"அம்மா, இது அழகுக்கு வாங்கறதில்ல."

"அப்புறம் எதுக்கு வாங்கற? சத்தத்துக்கா? அதுக்குத்தான் உங்கொப்பன் ஒரு வண்டியே வெச்சிருக்காரே."

சேலத்து ஸ்பீக்கர் கடைக்காரரும் இரண்டு என்றுதான் சொன்னார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் வீட்டுக்கு எங்கள் வண்டிதான் போர் போட்டது. நல்ல தண்ணீர் விழுந்தது. அதனால் எனக்கு அங்கே மாப்பிள்ளை வீட்டு மரியாதை. "நாலு பேர் உக்காந்து பாக்கற ஹாலுன்னா ரெண்டு வைங்கம்மா, எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்" என்றார். நான் இணையத்தில் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவர் தலையில் கொட்டினேன். பாதியிலேயே அவர் கும்பிட்டுவிட்டார். "பெரிசுல ஷோரூம் பீஸ் ஒண்ணு இருக்குது. எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் வெச்சுக் கேட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

அந்தப் பெட்டியைத் திருச்செங்கோடு பஸ்ஸில் ஏற்றியதைத் தனியாகவே எழுதலாம். கடைக்காரரும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிரைவருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். "இது என்னங்க அம்மிணி, கிரைண்டருங்களா?" என்றார் கண்டக்டர். "சவுண்டு பெட்டிங்க" என்றேன். "அப்ப லக்கேஜ் போட்டே ஆகோணும். கிரைண்டருன்னா விட்டிருப்பேன்." ஆட்டையாம்பட்டியில் ஏறிய ஒரு அம்மா யாரையும் கேட்காமல் அதன்மேல் முறுக்குப் பையை வைத்து, பையின்மேல் கையை ஊன்றி, இறங்கும் வரை தூங்கினார். நான் முன்கூட்டியே பரிதாபப்பட்டேன். இந்தப் பெட்டி நாளைக்கு என்ன செய்யப்போகிறது என்று தெரிந்தால் இவர் இப்படித் தூங்குவாரா?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அரங்கேற்றம். டிவிக்குப் பக்கத்து மூலையில் பெட்டி. மையத்தில் அப்பா. பின்சுவரை ஒட்டிய நீள சோபாவில் நான். ஜன்னல் திட்டில் அண்ணன். சமையலறை வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே, அம்மா. நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த காட்சியில் சரக்கு லாரிகள் வரிசையாகப் பாலத்தில் ஏறும், பாலம் வெடிக்கும்.

வெடித்தது. என் முதுகெலும்பு வழியாக ஏதோ ஒன்று ஏறி மண்டையில் இறங்கியது. சமையலறையில் எவர்சில்வர் தூக்குகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பேசின. ஜன்னல் கம்பி ரீங்கரித்தது. டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி தன் பிடியை விட்டுத் தரைக்கு வந்து, என்ன நடந்தது என்று புரியாமல் எங்களைப் பார்த்தது.

"கெரகம்! ஊட்டுக்குள்ள ரிக்க ஓட்டறாளுங்க!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள் அம்மா.

நான் பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன். அப்பா பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ம். போடு அம்மிணி."

"போட்டாச்சுங்கப்பா."

"எங்க? பாலம் ஒடஞ்சது தெரிஞ்சுது. சத்தம் வரலியே?"

கூட்டி வைத்து மறுபடி போட்டேன். இந்த முறை ஒரு தூக்கு விழுந்தே விட்டது. பல்லி வெளியே போய்விட்டது.

"தூக்கு விழுந்தது கேட்டுச்சு" என்றார் அப்பா. "நீ சொல்ற சத்தந்தான் கேக்கல."

அம்மா வழக்கம்போல ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அண்ணன் ஜன்னல் திட்டிலிருந்து இறங்கினான். ஒரு வருடமாகத் தேடிய சாட்சி, தங்கச்சி வாங்கிவந்த பெட்டிக்குள் இருந்து கிடைத்தால் எப்படி இருக்கும்! ஆனால் அவன் முகத்தில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது. மெதுவாகச் சொன்னான்: "அப்பா, செவ்வாக்கிழமை வண்டி கெளம்பறப்ப நான் வேற டிரில்லர அனுப்பிக்கறனுங்க."

அப்பா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சரி என்று தலையாட்டினார்.

அன்று மாலை அப்பா தன் காதைத் தானே சோதிக்க ஆரம்பித்தார். போனை வலது காதில் வைத்தார், இடது காதில் வைத்தார். அம்மாவைச் சமையலறைக்குள் நிறுத்தி எதையாவது முணுமுணுக்கச் சொன்னார்.

"என்ன சொன்ன?"

"ரசத்துக்குப் புளி இல்லைன்னு சொன்னனுங்க."

"அது கேட்டுச்சு. அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால முப்பது வருசமாச் சொல்லிட்டிருக்கறேன். அதெல்லாம் உங்களுக்கு எப்பவுங் கேட்டதில்ல. இப்பப் புதுசா என்ன காது போயிருச்சு?"

அப்பா சிரிக்கவில்லை. இரவு சாப்பிடும்போது, ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் என்றைக்காவது இப்படி ஆகும்தான் என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவும் அண்ணனும் வண்டிக்குக் கிரீஸ் வைக்கும் இடத்துக்குப் போயிருந்தார்கள், புது டிரில்லருக்கு வண்டியைக் காட்ட. நான் அந்தக் கறுப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அதை முறைத்தேன். ஆசை ஆசையாகத் தூக்கிவந்த நீ, எங்கப்பாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டாயே!

அப்போது ஒன்று உறைத்தது. தடித்த சத்தத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லை. உடம்பும் கேட்கும். எனக்கு முதுகு அதிர்ந்தது, அம்மாவுக்கு நெஞ்சு அதிர்ந்தது. காதே இல்லாதவருக்கும் உட்கார்ந்த இடம் அதிர வேண்டுமே? அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லையே?

அப்பா சேரைப் பார்த்தேன். அதில் உட்கார்ந்து கேட்டது இந்த வீட்டில் அப்பா ஒருவர்தான்.

அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருப்பதை உறுதி செய்துகொண்டு, ரிமோட்டோடு போய், பாதி இடுப்பை வைத்து, பிறகு முழுதாக உட்கார்ந்தேன். அடுத்த வீட்டில் திருட்டுக் குளியல் போடுகிற மாதிரி இருந்தது. பாலத்தை வெடிக்க வைத்தேன்.

ஒன்றும் இல்லை. கண்ணாடி நொறுங்குவது கேட்டது, ஆட்கள் அலறுவது கேட்டது. இடி மட்டும் ராசிபுரத்தில் எங்கோ இடித்த மாதிரி இருந்தது. எழுந்து இரண்டு எட்டுப் பின்னால் போனேன்: நெஞ்சில் குத்து. திரும்ப உட்கார்ந்தேன்: அமைதி. எழுந்தேன், இடி. உட்கார்ந்தேன், அமைதி. தோப்புக்கரணம் மாதிரி எத்தனை முறை செய்தேனோ!

சுவரில் மோதித் திரும்புகிற தடித்த சத்தம் எதிரே வருகிற சத்தத்தோடு சில இடங்களில் கைகோத்து இரு மடங்காகும். சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும்; அங்கே சத்தத்தில் பள்ளம் விழும். எல்லா அறையிலும் உண்டு. இதை நான் படித்திருக்கிறேன், பிறருக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். எங்கள் ஹாலில் அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கவில்லை. மரியாதைக்குரிய இடம் என்று நாங்கள் ஒதுக்கி வைத்ததுதான் வீட்டிலேயே மட்டமான இடம். கத்துகிற பெட்டி ஒன்று மட்டும் இருந்தால், அது எவ்வளவு பெரியதானாலும் பள்ளம் பள்ளம்தான். இரண்டு பெட்டிகளை வெவ்வேறு இடத்தில் வைத்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெட்டியைக் கேட்கிறவரின் ஆசனத்தில் வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து எங்கே சத்தம் நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே பெட்டியை வைத்தால் ஆசனத்தில் அதே சத்தம் கேட்கும். முட்டுக்கொடுத்து, மூச்சுவாங்கி, பெட்டியை அப்பா சேரில் ஏற்றினேன். ஒரு பாட்டை ஓடவிட்டு, நாலு காலில் சுவரோரமாகப் புறப்பட்டேன்.

ஊறுகாய் ஜாடி வைக்கிற மேசைக்கு அடியில் தலையை விட்டிருந்தபோது அம்மாவின் குரல் வந்தது. "அடிப் பாவி! அப்பா சேர்ல எதக் கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கற? நீ என்னத்துக்குப் புள்ள அதச் சுத்திச் சுத்திக் கும்பிட்டுட்டுக் கெடக்கற?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். அப்பாவும் அண்ணனும். அப்பா தன் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வண்டிலயும் எனக்குப் பதிலா ஆளு போட்டாச்சு" என்றார். "சேர்லயும் போட்டாச்சா?"

நான் மேசைக்கு அடியிலிருந்தே கத்தினேன். "அப்பா, உங்க காது நல்லாத்தான் இருக்குது! சேருதான் செவுடு!"

நிரூபிக்க நேரம் பிடித்தது. பெட்டியை மூலைக்கு இறக்கிவிட்டு, அண்ணனை அப்பா சேரில் உட்காரச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். அப்பாவே, "உக்காருடா, கடிச்சிராது" என்றதும் முனையில் ஒட்டிக்கொண்டான். அப்பாவைச் சமையலறை வாசலில், அம்மா நின்ற இடத்தில் நிறுத்தினேன். பாலம் வெடித்தது.

"அட சாமி!" என்று அப்பா ஒரு அடி பின்னால் போய் அம்மாவின் காலை மிதித்தார். தூக்குகள் குலுங்கின. அண்ணன் அப்பா சேரில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன, போட்டுட்டியா?" என்றான்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. "செவ்வாக்கிழமை யாருடா டிரில்லரு?"

"நீங்கதானுங்க."

"சத்தமாச் சொல்லு. எனக்குக் காது கேக்காது."

காலைத் தேய்த்துக்கொண்டே அம்மா நியாயமான ஒன்றைக் கேட்டாள். "இதுக்கு எதுக்குங்க ரெண்டு பொட்டி? சேரத் தூக்கி சித்த அக்கட்டால போட்டாப் போச்சு."

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அப்பா நிதானமாக மின்விசிறியைக் காட்டினார். "ஃபேன் எங்க இருக்குதோ அங்கதான் சேரு." அத்தோடு தீர்ப்பு முடிந்தது. அவ்வளவு நாள் வாதாடிய பெரிய பெட்டியை நானே கடைக்குத் திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்கிற சிரிப்பை மட்டும் சிரித்தார்.

இரண்டு சிறியவை வந்தன. ஒன்று டிவி பக்கத்தில், மற்றது தவழ்ந்து கண்டுபிடித்த இடத்தில், ஊறுகாய் மேசைக்குக் கீழே. குத்துவிளக்கு ஜோடி இப்படித் திசைக்கொன்றாய்ப் போனதில் அம்மாவுக்கு இன்றுவரை மனத்தாங்கல். படம் போடும்போதெல்லாம் ஜாடி மூடி கிணுகிணுக்கும். அவள் போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்பா செவ்வாய்க்கிழமை போய்விட்டு, கர்நாடகா வேலை முடிந்துதான் வந்தார். மூன்று இடத்தில் தண்ணீர் என்றார். குளித்து, சாப்பிட்டு, தன் நாற்காலியில் சாய்ந்தார். நான் பாலத்தைப் போட்டேன். இரண்டு பக்கமிருந்தும் இடி புறப்பட்டு வந்து மின்விசிறிக்கு அடியில் அவரைப் பிடித்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி" என்றார் அப்பா. "சத்தத்தக் கொறச்சு வையி சாமி. இத்தன நாள் கம்ப்ரசர் பக்கத்துல நின்னுபோட்டு வாரேன், ஊட்லயாவது சித்த நிம்மதியா இருக்கறேன்."

ஒரு புள்ளி குறைத்தேன்.

"இன்னும்."

இன்னொன்று குறைத்தேன். ஜன்னல் திட்டில் இருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கு இப்போது எந்த அதிர்வும் தெரியவில்லை. அம்மா ஜாடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் கேக்குது பாரு" என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டு.