குளத்தை விற்று வாங்கிய லாரி

இறந்துபோன மகன் ஓட்டிய லாரியைத் தேடி வந்த ஒரு தகப்பனுக்கு, அது இல்லை என்று தெரிந்தே வேறொரு லாரியை விற்றேன். கேட்டவர்களிடமெல்லாம் கைத்தவறு என்று சொல்லிவந்தேன். கைத்தவறு இல்லை.

முதல் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. மெசபடோமியாவிலிருந்து கப்பலில் திரும்பிய ராணுவ லாரிகளைக் கல்கத்தாவில் கார்டன் ரீச் ஆற்றங்கரை மைதானமொன்றில் நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். பி.ஏ. முடித்த நான் அங்கே தற்காலிக குமாஸ்தா. தன் வரிசையை முதலில் காலி செய்கிறவனை நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

ஒவ்வொரு லாரியின் பானெட்டிலும், அதாவது எஞ்சினை மூடும் தகட்டில், பெரிதாக ஓர் எண் எழுதியிருக்கும். வண்டி எங்கே ஓடியது, எதைச் சுமந்தது, எப்போது பழுதானது என்ற விவரமெல்லாம் பதிவேட்டில் அந்த எண்ணின் பேரில்தான் இருக்கும். வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வண்டியின் முகத்தை. அதனால் ஓடுகிற வண்டியின் நல்ல பானெட்டைக் கழற்றி, ஓடாத வண்டிக்கு மாட்டிவிடுவோம். எஞ்சின் நன்றாக இருந்தால் நசுங்கிய பானெட்டோடும் விலை போகும். எண் போன இடத்துக்கு அதன் பூர்வீகமும் போய்விடும். மைதானத்தில் எல்லோரும் செய்ததுதான்.

அந்தத் தகப்பனார் நகரத்தின் ஓரத்திலிருந்த பெஹாலாவிலிருந்து நடந்தே வந்திருந்தார். தபாலாபீசில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு போட்டோ. காக்கிச் சட்டை போட்ட பையன் ஒரு லாரியின் பானெட்டில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தோளுக்குப் பக்கத்தில் எண் தெளிவாகத் தெரிந்தது. ஒரே மகன். பாஸ்ராவில் காய்ச்சலில் போய்விட்டான். உடலும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை.

"இந்த வண்டி இங்கே வந்திருக்குமா, பாபா?" என்று கேட்டார். வங்காளத்தில் பெரியவர்கள் மகன் வயதுப் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. அந்தப் பானெட்டை எஞ்சின் வெடித்த ஒரு வண்டிக்கு மாட்டச் சொன்னது நான்தான். பையன் ஓட்டிய வண்டி சில வாரங்களுக்கு முன்புதான் கிதிர்பூர் காண்டிராக்டர் ஒருவருக்குப் போயிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மறுநாளே அவர் போய்ப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை. என் வரிசையில் மிஞ்சியிருந்தது அந்த ஓடாத வண்டி ஒன்றுதான்.

அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் எண்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அதன் பூர்வீகத்தை வங்காளியில் வாசித்துச் சொன்னேன்: தண்ணீர்ப் பீப்பாய் சுமந்தது, மாவு மூட்டை சுமந்தது, காயம்பட்டவர்களை ஏற்றிவந்தது. எல்லாம் உண்மைதான், பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பற்றியது அல்ல என்பதைத் தவிர. காயம்பட்டவர்கள் என்றதும், "அவன் மெதுவாத்தான் ஓட்டியிருப்பான்" என்றார்.

வீட்டுக் கொல்லையிலிருந்த குளத்தை விற்றுப் பணம் கட்டினார். மகன் நீந்தக் கற்றுக்கொண்டது அந்தக் குளத்தில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு ஜோடி மாடு பூட்டி லாரியைப் பெஹாலாவுக்கு இழுத்துப் போனார்கள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு அவர் என்னை அழைப்பார். ஊரெல்லாம் அன்றைக்குப் பட்டம் விடும். வண்டி வைத்திருப்பவர்கள் வண்டிக்குப் பூஜை செய்வார்கள். ஓடாத அந்த லாரியையும் கழுவி மாலை போடுவார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றே இரண்டு வருஷம் போனேன். மூன்றாவது வருஷம் அவர் மனைவி ஸ்டீயரிங்குக்குச் சிந்தூரம் இட்டுவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீயும் ஒரு பொட்டு வை, பாபா. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நீ." வைத்தேன். கொடுத்த இனிப்பைத் தின்னாமல் மடித்து ஜேபியில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி ஏன் சாப்பிடவில்லை என்று குடைந்ததில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன்.

"பேஷ். வெறுங்கையை வீசிண்டு போய் அழப்போறேளாக்கும்? அவா பிள்ளையோட வண்டியைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டுப் போங்கோ."

தேடினேன். பானெட்டை மாற்றலாம், அடிச்சட்டத்தில் வெட்டிய எண்ணை மாற்ற முடியாது. ஆபீஸ் விற்பனைக் கணக்கிலிருந்து அதைக் குறித்துக்கொண்டு ஞாயிறு தோறும் அலைந்தேன். கிதிர்பூர் காண்டிராக்டர் செங்கல் சுமக்க வைத்திருந்து ஒரு மரக்கடைக்காரருக்கு விற்றிருந்தார். மரக்கடைக்காரர் ஒரு பஸ் முதலாளிக்கு. கடைசியில் தர்மதலா பஸ் ஸ்டாண்டில், அடியில் படுத்து மண்ணைச் சுரண்டிப் பார்த்த பஸ்களில் ஒன்றில் அந்த எண் இருந்தது. மேலே மரக்கூண்டு கட்டிப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். கண்டக்டர், "என்ன மஷாய், கீழே படுத்தா டிக்கெட் வேண்டாம்னு நினைப்பா?" என்றான். சுற்றிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சந்தோஷத்தில்.

மறுநாளே பெஹாலாவுக்குப் போய்ப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு புறப்பட்டார். அந்தப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை அந்த டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கிய பிறகு பேசினார்.

"மூணு வருஷமா அந்த வண்டியில உட்கார்ந்து அழுது ஒருவழியா முடிச்சிருந்தேன். இப்ப இதுல ஏறி மறுபடியும் முதல்லேர்ந்து அழணுமா?"

நான் கண்டுபிடித்தது என் நிம்மதியைத்தான் என்று அப்போது புரிந்தது. குளத்தையாவது மீட்டுத் தருகிறேன் என்றேன். அதைத் தூர்த்து வீடு கட்டியாகிவிட்டது என்றார்.

அடுத்த வாரம் போனபோது வாசலில் பழைய இரும்பு வியாபாரியின் ஆட்கள் லாரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பானெட்டை மட்டும் பெரியவர் தனியே கழற்றித் தரையில் வைத்திருந்தார். அதில் மட்டும் பொய் இல்லை. போட்டோவில் பையன் சாய்ந்திருந்தது அதன்மேல்தான். கனமான தகடு. அவர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கத் திணறினார். நான் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"நீங்க விடுங்க, பாபு" என்றார்.

ஆபீசுக்கு வரும் அந்நியர்கள் என்னைக் கூப்பிடும் விதம் அது. கையை எடுத்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். என்னைப் பார்க்காமல் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.