திங்கட்கிழமைக்காரர்கள் கூப்பிட்ட பெயர்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் தம்பியின் படமும் வேத வசனமும் போட்டாகிவிட்டது. இந்தப் பக்கத்தை அக்காவுக்கு என்று சபையார் ஒதுக்கியிருக்கிறார்கள். போதகர் அல்லவா, அதனால் தம்பியை "அவர்" என்றே எழுதவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயது இளையவரை அப்படி எழுதக் கை கூசுகிறது. எங்கேயாவது தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி திசையன்விளைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அப்பா மட்டாஞ்சேரிக்குச் சுமை தூக்க வந்ததால் அவர் நடை பழகியது அங்குள்ள கொச்சங்காடியில். அவருக்கு மூன்று வயதாகும்போது அம்மா காலமானார். அதன்பிறகு குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். கிடங்கில் சுக்கு தரம் பிரித்த கூலியில் அவரை வேதாகமக் கல்லூரிக்கும் அனுப்பினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இங்குள்ள நம் தமிழ்ச் சபைக்கே அவர் போதகராக வந்தார். சந்தையில் காய் விற்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் நடையாய் நடந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். வீட்டில் அவரும் நானும்தான்.

ஞாயிறு முழுக்க ஊருக்குப் பேசும் போதகர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு. நாற்பதைத் தாண்டியபின் தம்பிக்கு அந்தத் திங்களில் இரண்டு கூட்டாளிகள் சேர்ந்தார்கள். ஏலூரில் கம்பெனித் தொழிலாளர்கள் நடுவே ஊழியம் செய்யும் தமிழ்ப் பாஸ்டர் ஒருவர். பள்ளுருத்தியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மலையாளிப் பாதிரியார் ஒருவர்; இங்கே பாதிரியாரை அச்சன் என்பார்கள். மூவரும் படகுத்துறைப் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம். கப்பைக்கிழங்கும் மீனும் தின்று வயிறு நிறைந்து தம்பி வருவார். என் குழம்பு ஆறிக் கிடக்கும்.

"அப்படி என்னதான் பேசுவீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா."

வாராவாரம் மூன்று மணி நேரம் ஒன்றுமில்லாததைப் பேச முடியுமா? எனக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமைக்காரர்கள் என்றுதான் அவர்களைச் சொல்வேன். நல்ல அர்த்தத்தில் அல்ல.

ஒரு வருடம் ஈஸ்டருக்கு முன் ஒரு மாதம் தம்பி பிரசங்கம் செய்யவில்லை. தொண்டை சரியில்லை என்றார். ஏலூர் பாஸ்டரும் அச்சனும் மாறி மாறி வந்து நம் சபையில் பேசினார்கள். அச்சன் மலையாளத்தில் பேசியும் நம் ஆட்கள் அழுதார்கள். நான் காலையும் மாலையும் சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கஷாயம் காய்ச்சினேன். தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

தொண்டைக்கு ஒன்றுமே இல்லை. சபையில் நடந்த சண்டையில் மனம் உடைந்து, பிரசங்க மேடையில் ஏறவே முடியாமல் இருந்திருக்கிறார். ஊழியத்தை விடுவதாகக் கடிதமும் எழுதிவிட்டார். "ஈஸ்டர் வரைக்கும் இது என் பையில இருக்கட்டும்" என்று அச்சன் அதை வாங்கி வைத்துக்கொண்டாராம். ஈஸ்டருக்குப் பிறகு தம்பி அதைத் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஏலூர் பாஸ்டர் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். வளர்த்தவளுக்குக் கஷாயம் காய்ச்சும் வேலை, நேற்று வந்தவர்களுக்கு உள்மனது.

போன வருடம் வயிற்றில் கட்டி வந்தபோதும் அதே கதைதான். ஸ்கேனுக்குக் கூட்டிப்போனது அவர்கள். முடிவைக் கேட்டது அவர்கள். எனக்குச் சொன்னது மூன்றாவதாக.

தம்பிக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. தொட்டிலில் கிடந்தபோது நான் வைத்தது. அப்பாவும் போனபிறகு அதைச் சொல்லிக் கூப்பிட என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி அறைக்குள் ஏலூர் பாஸ்டர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னாலேயே நரைத்த தாடியோடு அச்சனும் அதையே சொன்னார்.

வராந்தாவுக்குக் கூட்டிப்போய் வெடித்துவிட்டேன். "அது நான் வச்ச பேரு. எங்க வீட்டோட இருக்கட்டும். நீங்க பாஸ்டர்னு கூப்பிட்டாப் போதும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "செரி சேச்சி" என்றார் அச்சன்.

சொன்ன சொல் தவறவில்லை. மூன்று நாள் "பாஸ்டர், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா, அவங்களுக்கு எம்மேல என்ன கோவம்?"

"கோவமா? யார் சொன்னது?"

"பாஸ்டர்னு கூப்பிடுறாங்க. யாரோ சொகமில்லாதவன் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த மாதிரி வந்துட்டுப் போறாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

கண்ணில் நீர் நின்றது அவனுக்கு. நான் கீழே ஓடினேன். இருவரும் வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல வாங்க. பழையபடி கூப்பிடுங்க."

"அக்கா, நீங்கதான வேண்டாம்னு..." என்றார் ஏலூர் பாஸ்டர்.

"நான் சொன்னது தப்பு. வாங்க."

படியேறும்போது அச்சன் சொன்னார்: "சேச்சி, ஞங்கள் கூடும்போ பாஸ்டரும் இல்ல, அச்சனும் இல்ல. வீட்டுல விளிக்கிற பேரு மட்டும். அதுதான் சட்டம். என்னைக் குஞ்ஞுமோன்னு விளிப்பாங்க. அவன் தன் பேரைச் சொன்னப்போ, இது எங்கக்கா வச்சதுன்னு சொல்லித்தான் தந்தான்."

உள்ளே போய் இருவரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பார்த்தது அவர்கள் பக்கம். அப்போதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தான்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த சபையாருக்கும், கிடங்குத் தோழிகளுக்கும் என் நன்றி. திங்கட்கிழமைக்காரர்கள் இருவருக்கும் நன்றி. இதை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அந்தப் பெயரை அச்சில் போட மனம் வரவில்லை. ஆனால் இந்த மலரை நீங்கள் வாங்கும் நினைவுக் கூட்டத்தில் அவர்கள் இருவரும் பேசுவார்கள். பாஸ்டர் என்று சொல்லவேண்டாம், அந்தப் பெயரையே மைக்கில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும் என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. முதலில் நான் எழுந்து கூப்பிடுவேன். அதற்குப் பிறகுதான் அவர்கள்.