நான்கு மூலைக்கும் மஞ்சள்

வெள்ளைக்காரன் போய் நாட்டுக்கு மெர்டேக்கா வந்த வருஷத் தீபாவளி எங்கள் வீட்டில் கிடையாது. மனைவி இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வருஷம் திரும்பும்வரை பண்டிகை கூடாது. அப்படியிருந்தும் கூட்டாளிகள் மூன்று பேர், வாழ்த்து அட்டை செய்யப்போகிறோம் என்று காஜா பேராங்கில் இருந்த என் வாடகை வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். என்னைத் தனியாக விடக்கூடாது என்றுதான் வந்தார்கள். அதை மட்டும் சொல்லவில்லை.

கடைக்கார பாய் சட்டைப் பெட்டி அட்டைகளையும், மெர்டேக்காவுக்குத் தோரணம் கட்டியதில் மிஞ்சிய கலர் காகிதத்தையும் கொண்டுவந்தார். வெட்டுவதற்கு லோரிக்காரன், எழுதுவதற்கு, ஆபீசில் கணக்கெழுதும் கிராணித் தம்பி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்குக் கிடைத்த உத்தியோகம் மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவது. அதுவும் கட்டி தட்டிப் போனது.

"மச்சான், இது பசையா கொழுக்கட்டையா?" என்றான் லோரிக்காரன்.

"பசிச்சா தின்னு. இல்லன்னா ஒட்டு."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் ஓர் அட்டையை எடுத்து யானை வரைய ஆரம்பித்தேன். என் மகளுக்கு. நான்கு வயது. தாய் போனதிலிருந்து பாகாவ் ரப்பர் தோட்டத்தில் பெரியம்மாவிடம் வளர்கிறாள். இங்கே இருந்தவரை தினமும் என் முதுகில் ஏறி யானைச் சவாரி போனவள், போன மாதம் நான் பார்க்கப் போனபோது பெரியம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். என் மூஞ்சி மறந்துவிட்டது. மறக்கக்கூடிய மூஞ்சிதான். யானையைப் பார்த்தாவது அப்பன் ஞாபகம் வரட்டும் என்று நினைத்தேன்.

"துட்டி வீட்டுலேருந்து வாழ்த்து போகக்கூடாதுண்ணே," என்று இழுத்தான் கிராணி. "சும்மா கடுதாசியா அனுப்பலாம். ஆனா மூலையில மஞ்சள் இல்லாமப் போனா, சாவுக் கடுதாசின்னு அங்க பிரிச்சுப் படிக்காமலே ஒப்பாரி வச்சிருவாங்க."

"நாலு வயசுப் புள்ளைக்கு ஏதுப்பா துட்டி? மஞ்சளத் தடவு," என்றார் பாய்.

என் அடுப்படியில் மஞ்சள் இல்லை. நான் சமைக்கிற குழம்புக்கு அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பசைக் கையைக் கழுவப் போன லோரிக்காரன் குளியலறையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கோடு வந்தான்.

"இதோ இருக்கே மச்சான்."

அவள் பூசிக் குளித்தது. ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. எட்டு மாதமாக அது இருந்த மாடத்துக்கு முதுகைக் காட்டித்தான் நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு உறைத்தது. திருப்பி வைக்கப் போனான்.

"குடுடா," என்றேன்.

தண்ணீர் தெளித்துக் கல்லில் உரைத்தேன். அவள் குளித்துவிட்டு உள்ளே வந்த மாதிரி வீடு முழுக்க வாசம். நான்கு மூலையிலும் தடவினேன். வழக்கம்போல அளவு தெரியாமல் கூடிப்போனது.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கிராணி படித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"படி தம்பி."

"பாப்பா அட்டைய மோந்து பாத்துச்சாம். அம்மா அனுப்பியிருக்குன்னு சொல்லிச்சாம். தலகாணிக்குக் கீழ வச்சுக்கிட்டுதான் தூங்குதாம்."

"யானையப் பத்தி?"

தம்பி கடிதத்தை மடித்தான். "அந்தப் பன்னி யாருன்னு கேட்டுச்சாம்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பதில் எழுதக் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அட்டை அனுப்பியது அம்மா இல்லை என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டான்.

"அத எழுதாத," என்றேன். "அது பன்னி இல்ல, யானைன்னு மட்டும் எழுது."