நான்கு எல்லைக்குள் ஒரு கடற்காகம்

படம் இல்லாவிட்டாலும், பார்த்தவர் சொல்லும் விவரம் தெளிவாக இருந்தால் பதிவை ஏற்கலாம். பறவைக் கணக்கெடுப்புக் குழுவின் விதி இது. நல்ல விதி. கடைப்பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும்!

மார்கழியில் ஒரு காலை. கோடியக்கரை உப்பளத்தில் நானும் தங்கராசுவும் நின்றிருந்தோம். அவர் ரிட்டயர்டு வாத்தியார். நான் ரிட்டயர்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எதிரே கடற்காகக் கூட்டம்.

"சார்... இடது ஓரத்துல ஒண்ணு. அது கருந்தலைக் கடற்காகம் இல்ல."

"குளிர்காலத்துல கருந்தலைக்கும் தலை வெள்ளையாத்தானே இருக்கும்?"

"காதுகிட்ட கரும்பொட்டு இருக்கணும்ல? இதுக்கு எங்க? கண்ணும் வெளுப்பு. கழுத்தைப் பாருங்க, ரேஷன் கடை க்யூவுல எட்டிப் பாக்குற மாதிரி!"

ஒல்லி அலகுக் கடற்காகம். இந்தப் பக்கம் எப்போதாவது வரும் விருந்தாளி. கேமராவை எடுத்தேன் — பேட்டரி காலி. பறவை போய்விட்டது.

அன்றே அறிக்கை அனுப்பினேன். திரும்பி வந்தது. "பறவையைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது."

உண்மைதான். தெற்கே கடல், கிழக்கே வாய்க்கால், மேற்கே உப்பளப் பாதை, வடக்கே அரசுப் புறம்போக்கு... பறவை நின்ற இடத்துக்கு நான்கு எல்லையும் எழுதியிருந்தேன். சர்வீஸ் பழக்கம்!

தங்கராசு சிரிக்கவில்லை. "நிலத்தை நல்லா எழுதுவீங்க சார். அதுல நிக்கிறவனத்தான் எழுத மாட்டீங்க."

சுருக்கென்றது. நான் சர்வீஸில் இருந்த காலம், குத்தகைப் பதிவுச் சட்டம் வந்த புதிது. உழுகிறவன் பெயரைப் பதியச் சொன்னது அரசு, மிராசுதார்கள் விடுவார்களா? ஊருக்கு ஊர் தகராறு. குத்தகைக்கு உழுத தங்கராசுவின் அப்பா என் முன்னால் நின்றார். ரசீது இல்லை. பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர், இவர்தான் உழுகிறார் என்றார்கள். வாய்மொழிச் சாட்சியும் செல்லும் என்பது விதி. எனக்குத் தெரியாததா? 'ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். ஒரே வரி. நிலம் போயிற்று.

இந்த மனிதர் ஏன் என்னோடு பறவை பார்க்க வருகிறார்? கேட்கத் துணிந்ததில்லை.

மறுநாள் பேனாவும் பேப்பருமாக அவர் வீட்டில் நின்றேன். "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்." சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். முதலில் பார்த்தவர்: தங்கராசு. சாட்சி: நான். குழுவுக்கு மறுபடி அனுப்பினேன். இந்தப் பெயராவது பதிவாக வேண்டும்...

தை போனது. மாசியில் தினம் பத்து முறை மெயில் பார்த்தேன். பங்குனியில் நினைவூட்டல் அனுப்பினேன் — எத்தனை நினைவூட்டல்களை ஃபைலின் அடியில் செருகியவன் நான்! கடற்காகங்கள் வடக்கே கிளம்பிவிட்டன. நான் மட்டும் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"விடுங்க சார்" என்றார் தங்கராசு. "அப்பாவும் அப்பீல் போட்டுட்டு இப்படித்தான் தபால்காரரையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"பதில் வந்துச்சா?"

"ஆபீஸ்ல இருந்தது நீங்க. என்னைக் கேக்குறீங்க?"

கடைசியில் குழுவின் பதில் வந்தது. 'விவரம் தெளிவு, பதிவு ஏற்கப்பட்டது.' இதுவும் ஒரே வரிதான். போனை நீட்டினேன். தங்கராசு இரண்டு முறை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் அப்பீலுக்குப் பதில் வரவேயில்லை. கடற்காகத்துக்கு வந்துவிட்டது — ஆடிப் பதினெட்டு, உழுகிறவன் விதைக்கத் தொடங்கும் நாளில்.