பாலத்து நடுவில் ஒரு தூக்குவாளி

பேருந்து கடக்கும்போதெல்லாம் அம்மாவின் கையிலிருந்த தூக்குவாளியின் மூடி கிணுகிணுவென்று அதிரும். அதன் இடுக்கு வழியே 'சொதி'யின் தேங்காய்ப்பால் வாசம் ஆற்றுக் காற்றில் கலந்து வரும். ஆற்றுப்பாலம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

பாளையங்கோட்டைக் கரையில், வண்ணார்பேட்டையில் நாங்கள். திருநெல்வேலிக் கரையில், சிந்துபூந்துறையில் அம்மாவின் தங்கை. சித்தியின் புதுவீட்டுப் பால்காய்ப்பில் அப்பாவை முதல் பந்தியில் உட்கார வைக்க மறந்துவிட்டார்கள். "அவன் வீட்டுப் படிய இனி யாரும் மிதிக்கக் கூடாது" என்று அப்பா இங்கே சொல்ல, சித்தப்பாவும் அங்கே அதையே சொல்லிவிட்டார். இருவருக்குமே கோபம் மூக்கு நுனியில்.

அக்காளும் தங்கையும் சண்டை போடவில்லை. "பாலத்துக்குப் படி ஏதுட்டி?" என்று என்னைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்தின் நடுவரை நடப்பாள், சித்தி அந்தப் பக்கமிருந்து வருவாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதால், சொதியோடு போன தூக்குவாளி அடுத்த வாரம் சித்தியின் கூட்டாஞ்சோற்றோடு திரும்பும். அப்பா எதுவும் கேட்காமல் இரண்டாம் முறை போட்டுக்கொள்வார்.

ஒரு தடவை, தூக்குவாளி சித்தியிடம் இருந்தபோது, அவள் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி எதிர்க்கரையையே பார்த்து நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் வெள்ளி, சாப்பிட உட்கார்ந்த அப்பா, "ஏளா, இந்த வாரமும் தூக்குவாளி வரலியா?" என்றார். அம்மா அழுதுவிட்டாள். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார். இந்த முறை பாலத்தின் நடுவில் நிற்காமல் தாண்டிப் போனோம்.

சித்தி மஞ்சள்காமாலையில் கிடந்தாள். "யாருட்டயாவது சொல்லிவிடக் கூடாதாட்டி?" என்றாள் அம்மா.

"வெறுந்தூக்குவாளிய எப்படிக்கா குடுத்துவிட? சமைக்கத் தெம்பு இல்லியே" என்றாள் சித்தி.

சித்தப்பா, தானே ஆக்கிய சோற்றுக்கும் மோருக்கும் இலை போட்டு, "மொதல்ல நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்றார். அப்பா உட்கார்ந்தார்.

இப்போது பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது. போகிற வண்டிகள் ஒன்றில், வருகிற வண்டிகள் மற்றொன்றில். சித்தி போன வருஷம் இறந்துவிட்டாள். அண்மையில் ஆட்டோவில் கடக்கும்போது, எதிரே யாரும் வராத சாலையைப் பார்த்து அம்மா, "போறவங்களும் வாறவங்களும் இனி எங்கன பாத்துக்கிட?" என்றாள்.

சித்தி கடைசியாகக் கொடுத்தனுப்பிய தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரம் என்று அம்மா அதை வெறுமனே வைப்பதில்லை. எப்போதும் அதில் ஒரு பிடி அரிசி கிடக்கும்.